சபையின் பெட்டியும் ஊரின் நிலையும்

உள்ளூராட்சி பற்றி இந்நாளில் எழுதுவோரும் பேசுவோரும் தவறாது எடுத்தாளும் சொற்றொடர் ஒன்றுண்டு. 'சொந்த வருமானம்' என்பது அது. பிரதேச சபைகள் தம் சொந்த வருமானத்தைப் பெருக்க வேண்டும். பெருக்கத் தெரியாத சபை திறமையற்ற சபை. திறமையற்ற சபைக்கு மத்திய அரசு வாரி வழங்குவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். கருத்தரங்குகளிலும் நிதி அறிக்கைகளிலும் பத்திரிகைத் தலையங்கங்களிலும் இவ்வாதம் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. கடன் கொடுக்க வரும் சர்வதேச நிறுவனங்களின் ஆலோசகர்கள் இதற்கு 'வரி முயற்சி' என்னும் அழகான பெயரையும் சூட்டியுள்ளனர். ஒரு சபை எவ்வளவு வரி அறவிடக்கூடுமோ அதில் எவ்வளவை உண்மையில் அறவிட்டது என்று கணக்கிட்டு, மாணவனுக்குப் புள்ளியிடுவதுபோலச் சபைக்குப் புள்ளியிடும் முறை இது.

இவ்வாதத்தை முற்றிலும் பொய் என்று தள்ளிவிட முடியாது. சபைக் கந்தோர்களில் சோம்பலும் உண்டு, ஊழலும் உண்டு. ஆதன இடாப்பு தூசு படிந்து கிடக்க, வரி சேகரிப்பவர் வேறு அலுவலாகத் திரிவதை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். நிலுவையைக் கேட்டால் வாக்குக் குறையும் என்று அஞ்சும் தவிசாளரும் உளர். ஆனால் எல்லா நோயாளரிடமும் ஒரேயளவாகக் காணப்படும் ஒரு குறையைக் காட்டி, ஒருவர் ஏன் பிழைத்தார், மற்றவர் ஏன் மாண்டார் என்பதை விளக்க முடியாது. இலங்கையின் இருநூற்றெழுபதுக்கும் மேற்பட்ட பிரதேச சபைகளும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் என்னும் ஒரே சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. ஒரேவகைச் செயலாளர், ஒரேவகை இலிகிதர், ஒரேவகைப் படிவங்கள். அப்படியிருக்க, கொழும்பை அண்டிய சபை ஒன்றின் வருமானமும் மொனராகலையின் காட்டோரச் சபை ஒன்றின் வருமானமும் மலையும் மடுவும்போல வேறுபடுவது ஏன்? சோம்பல் மாவட்டவாரியாகப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று சொல்ல எவரும் துணியார். எனவே காரணத்தைக் கந்தோருக்குள் மாத்திரம் தேடாது, கந்தோரைச் சூழ்ந்துள்ள ஊரின் பொருளாதாரத்திலும் தேடியாக வேண்டும்.

சபையின் வருமானம் எவ்வழிகளால் வருகிறது? கட்டடங்கள் செறிந்த பகுதிகளில் ஆதன வரி. யாழ்ப்பாணத்து முதியோர் இதனைச் சோலைவரி என்பர். செறிவற்ற பகுதிகளில் பயிர்நிலத்தின் மீது ஏக்கர் வரி. கடைகளுக்கும் தொழில்களுக்கும் உரிமக் கட்டணம். சந்தை, இறைச்சிக்கடை முதலியவற்றின் குத்தகை. காணி கைமாறும்போது அறவிடப்படும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும் மாகாண சபையின் கைவழியாக, பெரும்பாலும் காலந்தாழ்த்தி, வந்து சேரும். (குற்றம் பெருகினால் சபை செழிக்கும் என்னும் இவ்விந்தையான ஏற்பாட்டைப் பற்றி எவரேனும் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதலாம்.) இவை யாவும் எந்த ஊருக்கும் பொதுவான விதிகள்போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பொருளாதார நிலை ஊரில் உண்டு என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. ஆதன வரியின் அடிப்படை 'வருடாந்தப் பெறுமதி'. வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டொன்றுக்கு என்ன கிடைக்கும் என்பதே அதன் சாரம். வாடகைக்கு வீடு தேடி மக்கள் அலையும் நகரத்தில் இதற்குப் பொருளுண்டு. வீடு சீதனமாகக் கைமாறுமேயன்றி வாடகைக்கு விடப்படாத ஊரில் இதற்கு என்ன பொருள்? வீடே குடியிருப்போனுக்குச் சொந்தமல்லாத ஊரில் என்ன பொருள்? அவ்வாறே, காணி விற்பனை மும்முரமாக நடக்கும் இடத்தில் முத்திரைத் தீர்வை பெருகும். உறுதி இன்றி அரச அனுமதிப்பத்திரத்தின் பேரிலேயே விவசாயி காணியை ஆண்டுவரும் குடியேற்றத் திட்டங்களில், பொலனறுவையிலாயினும் கிளிநொச்சியிலாயினும், அது வறண்டுபோகும்.

வரி செல்வத்தின் அளவைப் பின்பற்றுவதில்லை. அச்செல்வம் எடுத்துக்கொண்டுள்ள உருவத்தைப் பின்பற்றுகிறது. 'வரி முயற்சி'க் கணக்கர் காணத் தவறுவது இதனையே.

யாழ்ப்பாணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கைத்தொழில் வளர்ச்சியோ பெருநிலப் பயிர்ச்செய்கையோ இன்றி, அக்குடாநாட்டின் நகர, பட்டின சபைகள் ஒரு காலத்தில் ஓரளவு தலைநிமிர்ந்து நின்றன. காரணம் தபாற்கந்தோர் வழியாக வந்தது. மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் கொழும்பின் எழுதுவினைஞர் மேசைகளிலும் உழைத்தவர் அனுப்பிய பணம், ஓய்வூதியமாகவும் காசுக் கட்டளையாகவும் வந்து கல்வீடாயிற்று. 'மணியோடர் பொருளாதாரம்' என்று கேலியாகவும் ஆராய்ச்சியாகவும் அழைக்கப்பட்ட இவ்வமைப்பு உற்பத்தியைப் பெருக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் வரி சேகரிப்போருக்கு அது வாய்ப்பான உருவத்தில் வந்த செல்வம்: அசையாதது, வெளியே தெரிவது, உடையவன் பெயர் உறுதியில் உள்ளது. அதுமட்டுமன்று, கல்வியால் உயர்ந்த ஒரு நடுத்தர வர்க்கம் வாசிகசாலையையும் வீதி விளக்கையும் தன் உரிமையாகக் கேட்டது, கேட்டதற்குக் கொடுக்கவும் செய்தது. 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகம் வரிப் பணத்தால் மாத்திரம் எழுந்ததன்று. களியாட்ட விழாக்களாலும் ஊரார் நன்கொடையாலும் எழுந்தது. ஒரு சபை தன் மக்களிடம் எவ்வளவு பெறக்கூடும் என்பது அம்மக்கள் அச்சபையைத் தம்முடையதென்று கருதுவதையும் பொறுத்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. அந்நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது என்பதை இவ்விதழின் வாசகருக்குக் கூறவேண்டியதில்லை.

அதே குடாநாட்டில் இன்று நிலைமை என்ன? 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டிருந்த யாழ் மாவட்ட மக்கள் தொகை 2012இல் ஆறு லட்சத்துக்கும் குறைந்திருந்தது. வலிகாமம் வடக்கை நோக்குக. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. அதைச் சூழ்ந்த ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயமாயின. 2009க்குப் பின்னரும் காணிகள் துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டன. தொழிற்சாலையும் துறைமுகமும் செம்மண் தோட்டமும் ஒருங்கே கைவிட்டுப்போன சபைக்கு 'வரி முயற்சி'யில் என்ன புள்ளி இடுவது? தீவகத்தில் இன்னொரு வகை அவலம். அங்கே வீடுகள் உண்டு, சில புதிதாகக் கட்டப்பட்ட மாடிவீடுகளும் உண்டு, கதவு பூட்டியிருக்கிறது. உடையவர் ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்கிறார். வரித் துண்டை வாசலிற் செருகிவிட்டு வரும் சேகரிப்பாளர், அடுத்த ஆண்டு மீண்டும் வரும்போது அத்துண்டு மழையில் ஊறிக் கிடப்பதைக் காண்பார். வெளிநாட்டுப் பணம் முன்போலவே வருகிறது. ஆனால் மலாயாவிலிருந்து ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து ஊரில் வாழ்ந்தவன் சபையின் குடிமகன். கோயிற் திருவிழாவுக்கு வந்து போகின்றவன் சபையின் விருந்தாளி. பணத்தின் தொகையைக் காட்டிலும் இவ்வேறுபாடே சபைக் கணக்கிற் பெரிது.

இனி மலையகம். இக்கட்டுரையின் உயிர்நிலை அங்கேயே உள்ளது.

நுவரெலியா மாவட்டத்தின் தேயிலை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்துள்ளது. செல்வம் விளையும் நிலத்தின் சபை செல்வந்தச் சபையாக இருத்தல் வேண்டும் என்று எளிய மனிதன் எண்ணுவான். நடந்தது மறுதலை. தேயிலை தோட்டத்திலே கொய்யப்படுகிறது; கொழும்பிலே ஏலம் போகிறது; கம்பனியின் தலைமைக் கந்தோர் கொழும்பிலே; ஏற்றுமதித் தீர்வை சேர்வதும் கொழும்பிலே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்துக்குப் பின் நிலம் அரசுடைமையாயிற்று. 1992இல் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினரேயன்றிச் சபையின் பெட்டிக்குள் விழுவது பெரிதும் மாறவில்லை. நிலத்துக்கான குத்தகைப் பணமும் மத்தியின் பக்கமே போகிறது. சபைக்கு எஞ்சுவது ஏக்கர் வரி. அதுவோ விளைச்சலையும் விலையையும் பாராது, பரப்பளவை மாத்திரம் பார்த்து, ரூபாக் கணக்கில் உச்சம் குறித்து விதிக்கப்பட்ட வரி. ரூபாவின் மதிப்பு வீழ வீழ அவ்வரியும் தானே கரைந்துபோகும். அதனைக் கரைப்பதற்கு எந்தக் கம்பனியும் எந்த மந்திரியையும் காணப்போக வேண்டியதில்லை.

சரி, தோட்டம் தராததை மக்கள் தரமாட்டாரா? லயத்து அறை தொழிலாளிக்குச் சொந்தமன்று. அதற்கு அவன் பெயரில் உறுதியில்லை, ஆதன இலக்கமில்லை, பல இடங்களில் நேரே கடிதம் வந்து சேரும் முகவரிகூட இல்லை. வாடகைச் சந்தை இல்லாத இடத்தில் வருடாந்தப் பெறுமதி ஏது? தலைமுறை தலைமுறையாக உழைத்த ஒரு மக்கட் கூட்டம், வரி விதிப்பதற்குக்கூடத் தகுதியான ஒரு சொத்தை உடைமையாகப் பெறவில்லை. சபையின் வருமானப் பதிவேட்டில் அவர்கள் இல்லாமையை 'வரி செலுத்தும் பழக்கமின்மை' என்று வருணிப்பது அறியாமை. அறிந்தே வருணித்தால் அதற்கு வேறு பெயருண்டு.

இவர்கள் ஒன்றும் செலவிடாதவர்களுமல்லர். சம்பள நாளையும் அதையடுத்த ஞாயிற்றுக்கிழமையையும் அட்டன் கடைவீதியில் நின்று பார்த்தவர் இதனை அறிவர். அரிசியும் மாவும் சட்டையும் கொப்பியும் வாங்கப்படுவது அங்கே. நகை அடகு வைக்கப்படுவதும் அங்கே. ஆனால் அட்டன், அட்டன்-டிக்கோயா நகரசபையின் எல்லைக்குள் அடங்கியது. தலவாக்கலைக் கடைத்தெரு தலவாக்கலை-லிந்துலை நகரசபைக்கு உரியது. தோட்டங்களோ சூழவுள்ள பிரதேச சபைகளுக்கு உரியவை. தொழிலாளியின் கூலி நகரத்துக் கடையில் செலவாகி, கடையின் பெறுமதியாக உயர்ந்து, நகரசபையின் வரியாக மாறுகிறது. அவன் குடியிருக்கும் மலையின் வீதியைச் செப்பனிட வேண்டிய சபைக்கு அதிலே ஒரு சதமும் இல்லை. ஒரே பொருளாதாரம், இரண்டு பைகள். எல்லைக் கோட்டைக் கீறியவர் கடைகளை ஒருபுறமும் லயங்களை மறுபுறமும் வைத்துக் கீறினார். நகரசபை 'முன்னேறியது' என்றும் பிரதேச சபை 'பின்தங்கியது' என்றும் அறிக்கை எழுதுவோர், இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள் என்பதைக் கவனிப்பதில்லை. நகரசபையார் மீது இங்கே குற்றமில்லை. குப்பை அள்ளவும் சாக்கடை வெட்டவும் அவர்களுக்கும் பணம் போதாது.

எல்லாவற்றுக்கும் மேலாக 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை தன் நிதியைத் தாராளமாகச் செலவிட முடியாது என்பதே அப்பிரிவுக்குக் கொடுக்கப்பட்டு வந்த பொருள். தோட்டம் தனியார் நிருவாகத்தின் கீழுள்ள இடமாம்; அதன் வீதியும் குடிநீரும் நிருவாகத்தின் பொறுப்பாம். 1991இல் முதன்முறையாகப் பிரதேச சபைத் தேர்தல் நடந்த காலந்தொட்டுத் தோட்டத்து வாக்குகளால் உறுப்பினர் தெரிவாகினர். தெரிவானவர் தம்மைத் தெரிந்தவரின் லயத்து வழிக்கு ஒரு வண்டி கல் கொட்டுவதற்கும் கணக்குப் பரிசோதகருக்கு அஞ்ச வேண்டியிருந்தது. வாக்குண்டு, சபையுண்டு, உறுப்பினருமுண்டு. சேவைக்கு மாத்திரம் சட்டமில்லை.

இந்நிலை ஓரிரவில் உண்டானதன்று. இத்தீவில் உள்ளூர் வரி எப்பொழுதும் யார்மேல் விழுந்தது என்பதை நினைவுகூர்தல் நன்று. 1848இல் டொரிங்டன் தேசாதிபதி காலத்து வீதிச் சட்டம், வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறுநாள் வீதியில் வேலை செய்யவேண்டும் அன்றேல் மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது. வீதிகளால் முதற்பயன் அடைந்தவரோ கோப்பித் தோட்டத் துரைமார். அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இவ்வரியும் ஒரு காரணம். 1880களில் இதே நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனையில், தானிய வரி கட்டமுடியாத சிங்கள விவசாயிகளின் வயல்கள் விற்கப்பட்டன. குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறிப் பட்டினியால் மாண்டன. அம்மாவட்டத்தின் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியரே அதனை வெளிப்படுத்தினார். தானிய வரி 1892இல் ஒழிக்கப்பட்டது. நெல்வயலுக்கு அவ்வரி இருந்த காலமெல்லாம் தோட்ட நிலத்துக்கு அதற்கு ஈடான நிலவரி இருக்கவில்லை. பின்னர், 1937இல் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, லயங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளருக்குச் சங்கங்களில் வாக்கு மறுக்கப்பட்டது. தோட்டம் கிராமத்தின் பகுதியன்று என்பதே அன்றைய நியாயம். 1948இன் குடியுரிமைச் சட்டம் எஞ்சியதையும் பறித்தது. 1981இல் கிராமச் சபைகளும் பட்டினசபைகளும் ஒழிக்கப்பட்டு, பின்னர் பிரதேச சபைகள் வந்தபோது, பெயர் புதிதாயிருந்தது. தோட்டம் கிராமத்தின் பகுதியன்று என்ற பழைய நியாயம் 33ஆம் பிரிவாக மறுபிறவி எடுத்தது. வலப்பனைச் சிங்கள விவசாயியும் லயத்துத் தமிழ்த் தொழிலாளியும் ஒருவருக்கொருவர் பகைவர் என்று போதிக்கும் அரசியல்வாதிகள், இருவரையும் ஒரே வரிமுறை வெவ்வேறு வாசலால் வெளியேற்றியது என்பதை மறந்தும் கூறார்.

நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய விசித்திரமன்று இது. கிழக்கு ஆபிரிக்காவைப் பார்ப்போம். தன்சானியாவின் மாவட்ட சபைகள் விளைபொருட்களின் மீது தீர்வை அறவிடும் உரிமை பெற்றுள்ளன. நெடுங்காலம் விலையில் நூற்றுக்கு ஐந்து வரை இருந்த அத்தீர்வை 2017இல் பணப்பயிருக்கு மூன்றாகவும் உணவுப் பயிருக்கு இரண்டாகவும் குறைக்கப்பட்டது. கோப்பியும் பருத்தியும் தேயிலையும் விளையும் மாவட்டத்துக்கு அத்தீர்வையால் ஒரு பிடி கிடைத்தது. சோளம் விளைத்துத் தாமே உண்ணும் மக்களின் மாவட்டத்துக்கு ஒன்றும் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று அறவிடப்பட்ட அபிவிருத்தி வரியைத் தன்சானியா 2003இலும், அதனையொத்த படிமுறை வரியை உகண்டா 2005இலும் கைவிட்டன. ஏழையின் தலைக்கு வரி விதிப்பதும், கட்டாதவனைப் பிடித்து அடைப்பதும் ஒழிந்தது நன்றே. ஆனால் உகண்டாவின் கிராமப்புற மாவட்டங்களுக்கு அவ்வரியே முதன்மையான சொந்த வருமானமாயிருந்ததால், அது போனதும் அவை மத்தியின் கையை எதிர்பார்க்கும் நிலைக்குத் தள்ளப்பட்டன. கம்பாலா நகரத்துக்கு வாடகைக் கட்டடங்கள் இருந்தன. கிராமத்துக்கு மனிதத் தலைகளைத் தவிர வரி விதிக்க வேறொன்றும் இருக்கவில்லை. தன்சானிய முறையைப் புகழ்ந்து பாட வரவில்லை. தீர்வை சட்டப்படி வாங்குவோன்மேல் விழுந்தாலும், அவன் விலையைக் குறைத்து விவசாயியின் தலையிலேயே அதை இறக்கிவிடுவான். எனினும் ஒன்று தெளிவு: தேயிலை விளையும் மண்ணின் சபைக்குத் தேயிலையின் விலையில் பங்கு கொடுத்தல் உலகில் நடவாத காரியமன்று.

சபைகளின் உள்ளேயும் நோக்குவோம். இடதுசாரிகளாகிய நாம் மத்திய அரசை மாத்திரம் சாடிவிட்டு ஓய்ந்துவிடுவதால், ஊருக்குள் இருக்கும் வர்க்கங்கள் தப்பிவிடுகின்றன. பிரதேச சபைகள் பல்லாண்டு வர்த்தமானியில் வெளியிட்டு வந்த வரி அட்டவணையைச் சற்று எடுத்துப் பார்த்தல் வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அவ்வட்டவணையில், முன்னாண்டு வருவாய் 6,000 ரூபாவுக்கு மேற்பட்டால் 90 ரூபாவில் தொடங்கி, 1,50,000 ரூபாவைத் தாண்டினால் 3,000 ரூபா என்று முடியும் வியாபார வரி ஒன்றுண்டு. முடிந்தது, அதற்கு மேல் படி இல்லை. ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்தைச் சற்றே தாண்டிய சைக்கிள் திருத்துபவனும் கோடி கோடியாகப் புரட்டும் மொத்த வியாபாரியும் அதே 3,000 ரூபாப் படியிலே தோளோடு தோள் நின்றனர். சமத்துவம் பற்றிய கனவு இவ்வாறாவது ஓரிடத்தில் நனவாயிற்றே என்று சிரிக்கத் தோன்றுகிறது. பணவீக்கம் அட்டவணையின் கீழ்ப்படிகளை அர்த்தமற்றவையாக்கி, ஏழை வியாபாரியையும் உச்சப்படிக்குத் தூக்கிவிட்டது. பணக்காரனை அங்கேயே விட்டுவைத்தது.

சந்தையிலோ நிலைமை வேறு. சுன்னாகத்துக்கோ திருநெல்வேலிக்கோ விடியுமுன் கத்தரிக்காய்க் கடகத்தோடு வரும் பெண், விற்றாலும் விற்காவிட்டாலும் இருக்கும் இடத்துக்குக் காசு கொடுக்கவேண்டும். குத்தகைக்கு விடப்பட்ட சந்தையில், வாங்குபவன் சபை ஊழியனல்லன், குத்தகைக்காரன். அவன் சபைக்கு ஒரு தொகை கட்டிவிட்டான். அதற்கு மேல் சேர்வதெல்லாம் அவனுக்கு. அவளுக்கு முறையீட்டு மன்றம் கிடையாது, நிலுவை கிடையாது, வட்டித் தள்ளுபடியும் கிடையாது. ஐந்தாண்டுக்கொருமுறை ஆதன மதிப்பீடு புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது நியதி; அந்நியதி ஏட்டில் கிடக்கப் பழைய மதிப்பீட்டிலேயே காலங்கழிக்கும் சபைகள் பல. ஏன்? மதிப்பீட்டைப் புதுப்பித்தால் யாருடைய மாடிக்கட்டடத்தின் வரி உயரும் என்று பார்த்தால் விடை கிடைக்கும். சபை மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போரில் கடைக்காரரும் காணிக்காரரும் ஒப்பந்தக்காரரும் எத்தனைபேர், சந்தைப் பெண்கள் எத்தனைபேர் என்று ஒவ்வோர் ஊர் ஆசிரியரும் தம் ஊர்ச் சபையிலேயே எண்ணிப்பார்க்கலாம். நம் சபைகளில் மிக ஒழுங்காக, நாள் தவறாது செலுத்தப்படும் வரி மிக ஏழையானவரின் வரி. 'வரிப் பழக்கம்' பற்றி உபதேசிப்போர் முதலில் அப்பெண்ணிடம் போய்ப் பாடங் கேட்கட்டும்.

இலக்கியம் பேசும் ஏடொன்றிலே வரிக்கணக்கு எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்கு லெனாட் வூல்பை நினைவூட்ட விரும்புகிறேன். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த அவர், உப்பு வாருவதிலும் வருமானம் சேர்ப்பதிலும் மிகத் திறமையான உத்தியோகத்தர் என்று பெயரெடுத்தவர். 'வரி முயற்சி'யில் அவருக்கு முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும். ஆனால் அவர் ஊர் திரும்பி 1913இல் வெளியிட்ட காட்டுக் கிராமத்து நாவல், அத்திறமைக்கு எதிரான சாட்சியமாகவே அமைந்தது. சேனை வெட்டும் அனுமதி ஆராச்சியின் கையில். கடன் முதலாளியின் கையில். வழக்கு எட்டாத் தூரத்து நகரத்தில். வேட்டைக்காரன் சிலிந்துவின் குடும்பம் அழிகிறது. பத்து வீடுகள் இருந்த பெத்தகமவைக் காடு மூடுகிறது. அரசாங்க ஏட்டில் அது வருமானக் குறைவாகக்கூடப் பதிவாகியிராது. அவ்வளவு சிறிய ஊர். நம் எழுத்தாளரோ கங்காணியையும் துரையையும் விதானையாரையும் எழுதினர். சபைக் கூட்டத்தையும் அதன் வரவு செலவுத் திட்டத்தையும் கதைப்பொருளாகக் கண்டவர் அரியர். ஒழுங்கைக்கு விளக்கு ஏன் வரவில்லை என்னும் கேள்வியிலிருந்து ஒரு சமூகத்தின் முழு அமைப்பையும் அவிழ்த்துவிடலாம் என்பதை இளம் எழுத்தாளர் சிந்திக்கலாம்.

'மத்திய அரசே முழுவதையும் தரவேண்டும்' என்பது நம்மவரின் வழக்கமான விடை. அதிலே பாதி சரி. கேரளத்தில் 1996இல் இடதுசாரி அரசு திட்ட நிதியில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்குவரை உள்ளூராட்சி அமைப்புகளுக்கு ஒதுக்க முடிவு செய்தது. மந்திரியின் தயவாலன்றி, முன்கூட்டி வகுத்த அளவையின்படி அது பங்கிடப்பட்டது என்பதே அங்கு கவனிக்கத்தக்கது. தயவால் வரும் பணம் சபையைத் தரகனாக்கும். உரிமையால் வரும் பணமே அதனைச் சபையாக வைத்திருக்கும். ஆனால் மற்றப் பாதி தவறு. எல்லாம் மேலிருந்து வரட்டும் என்றால் மொத்த வியாபாரியும், தோட்டக் கம்பனியும், பூட்டிய மாடிவீட்டின் உடையவரும் ஊருக்கு எதுவும் கொடாது இருந்துவிடலாம். ஊரில் விளையும் செல்வத்தை, அது எந்த உருவத்தில் இருக்கிறதோ அந்த உருவத்திலேயே சென்று பிடிக்கும் வரியைக் கேட்பது நம் கடமை: பரப்பளவைப் பாராது விளைவைப் பார்க்கும் தோட்ட வரி, உச்சப்படியில்லாத வியாபார வரி, நகரசபையும் சூழவுள்ள பிரதேச சபையும் பங்கிட்டுக்கொள்ளும் கடைவீதி வருமானம். இவற்றைக் கேட்பதற்குப் பதிலாக வரி எதிர்ப்பு என்னும் பொதுக் கோஷத்தில் சேர்ந்துகொள்ளும் இடதுசாரி, தன்னையறியாமலே கடைத்தெரு முதலாளியின் கொடியைத் தூக்குகிறான்.

2018இல் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. தோட்டங்களிலும் சபை நிதியைச் செலவிடலாம் என்றாயிற்று. அதையொட்டிய காலத்திலேயே, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைச் சுமந்திருந்த நுவரெலியா, அம்பகமுவப் பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் மும்மூன்றாகப் பிரிக்கப்பட்டு, அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா என்னும் நான்கு புதிய சபைகள் பிறந்தன. மலையக மக்களின் நெடும் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்று இதனை வரவேற்றோம், வரவேற்றது சரியே. ஆயினும் திருத்தம் செலவிடும் அதிகாரத்தைத் தந்ததேயன்றிச் செலவிடுவதற்கான பணத்தைத் தரவில்லை. ஏக்கர் வரியை மும்மூன்றாகப் பிரித்தால் மூன்று சிறு ஏக்கர் வரிகளே கிடைக்கும். அதற்குள் 2022இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலுக்குப் பணமில்லை என்று ஒத்திவைக்கப்பட்டு, 2025 மே 6 வரை மக்கள் பிரதிநிதிகளே இன்றிச் செயலாளர்கள் சபைகளை நடத்தினர்.

புதிதாகத் தெரிவானவர்கள் முன் ஒரு காரியம் வந்து நிற்கிறது. லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் சில தோட்டங்களில் எழுந்துள்ளன. உறுதியும் முகவரியும் கையில் வரும் நாளில் அவ்வீடுகள் ஆதன வரிக்குரிய வீடுகளாகக் கருதப்படும் வாய்ப்பும் உண்டு. சபையின் சொந்த வருமானம் உயர்ந்தது என்று அறிக்கையில் எழுதவும் முடியும். அவ்வீட்டின் வாசலுக்கு முதல் வரித் துண்டை அனுப்புமுன், அதைச் சூழ நிற்கும் தேயிலை மலைக்கு இன்றும் ஹெக்டேர்க் கணக்கில் என்ன அறவிடப்படுகிறது என்பதைச் சபைக் கூட்டத்தில் ஓர் உறுப்பினராவது எழுந்து உரக்க வாசிப்பாரா?